தொண்ணூறு மீட்டர் கம்பி

பக்கத்து வீட்டு வயர்மேன் செத்த பிறகும் தினம் சாயங்காலம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். இதை நான் சொல்லவில்லை, அவன் பெண்டாட்டி சொன்னாள். பொழுது சாய்ந்து, கூடத்துப் பல்பைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஆனதும் அது திடீரென்று சுருங்கும். உள்ளே இருக்கிற இழை சிவந்துபோய், இதோ அணைந்துவிடும் என்று தோன்றும். அப்புறம் பாதி உயிரோடு திரும்பி வந்து, கொஞ்ச நேரத்துக்குச் சீக்குக்காரனைப்போல மஞ்சளாக எரியும். மின்விசிறி சோர்ந்து சுற்றும். ஃபிரிட்ஜ் ஒரு முனகல் முனகும். அவள் கையில் இருப்பதை அப்படியே கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்து பல்பைப் பார்த்து, "வந்துட்டீங்களா?" என்பாள்.

முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. பிறகு பழகிவிட்டது. எதுவும் பழகிவிடுகிறது.

நான் தையல்காரி. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். ஊசியில் நூல் கோக்கிறவளுக்கு வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் தெரிந்துவிடும். அவள் வீட்டில் பல்பு மங்குகிற நேரத்தில் என் வீட்டில் மங்கியதே இல்லை. ஒருநாள் மனசு கேட்காமல் அதை அவளிடம் சொல்லிவிட்டேன்.

"அக்கா, உங்க வீட்டுக்கு அவரு எதுக்கு வரணும்?" என்றாள்.

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன்.

அவர்கள் மனை ஒரு நடைபாதையைப்போல நீளமாக ஓடும். தெருவைப் பார்த்து அவனுடைய கடை. அவன் போன பிறகு ஷட்டர் ஏறவேயில்லை. கடைக்குப் பின்னால் வெற்று முற்றம், உடைந்த டிரம்கள், அப்புறம் என் சுவரை ஒட்டியே ஒரு சந்து. சந்து முடிகிற இடத்தில் வீடு. ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, கொல்லையில் ஆழ்துளைக் கிணறு. மின்சார மீட்டர் கடைக்குள் இருந்தது. அங்கிருந்து வீடுவரைக்கும் மண்ணுக்கடியில் கம்பி வரும். அவனே தோண்டி, அவனே பதித்தது.

அவன் வேலைக்குப் போன இடத்தில் செத்தான். கரண்டு அடித்தெல்லாம் இல்லை. நெஞ்சைத் தடவிக்கொண்டு, "கொஞ்சம் உக்காந்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய் ஒரு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். எழுந்திருக்கவில்லை. அந்த வார்த்தையை அவள் பிடித்துக்கொண்டாள். "உக்காந்துட்டு வரேன்னுதானே சொன்னாரு?" என்று என்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். ஆமாம் என்பதைத் தவிர நான் என்ன சொல்ல?

"அவரு இருந்தப்பவும் இப்படித்தான் மங்குமா?" என்று ஒருதடவை கேட்டேன்.

"அவரு இருந்தப்ப பல்ப யாரு பாத்தா?" என்றாள்.

பல்பு மங்கியிருக்கிற நேரம் முழுக்க அவள் பேசுவாள். குழாயில் ஒழுகுவது, மாமனாரின் இருமல், அரிசியில் வண்டு வைத்தது, நான் ஜாக்கெட்டை இறுக்கித் தைத்துவிட்டது, எல்லாம் பேசுவாள். நான் முக்காலியில் உட்கார்ந்து ஓரம் மடித்துக்கொண்டிருப்பேன். யாருக்கு என்ன நஷ்டம், பேசிவிட்டுப் போகட்டும் என்றுதான் இருந்தேன். உயிரோடு இருக்கிற புருஷன் எவன் இப்படிக் காது கொடுத்துக் கேட்கிறான்? பல்பு திரும்பப் பளிச்சென்று ஆனதும், "சரி, போயிட்டு வாங்க" என்று அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

மழைக்காலம் வந்ததும் அவள் மாமனாருக்கு நெஞ்சு கட்டிக்கொண்டது. பெரியவர் வாழ்நாளெல்லாம் பஞ்சு மில்லில் வேலை பார்த்தவர். அந்தத் தூசி அத்தனையும் நுரையீரலில் உட்கார்ந்திருப்பதாக டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியில் போட்டு, ஓரளவு தேற்றி, ஒரு மெஷினோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். சக்கரம் வைத்த பெட்டி. சுவரில் பிளக்கைச் செருகினால் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து, மூக்கில் மாட்டிய குழாய் வழியாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கரண்டு போனால் உதவட்டும் என்று ஒரு இரும்பு சிலிண்டரும் கொடுத்திருந்தார்கள். காற்று படுகிற இடமாக இருக்கட்டும் என்று கூடத்திலேயே கட்டிலைப் போட்டாள் அவள்.

மெஷின் வந்த அன்றைக்குச் சாயங்காலமே பல்பு மங்கியது. "வந்துட்டீங்களா?" என்று அவள் வாயெடுப்பதற்குள் மெஷின் கத்த ஆரம்பித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. அதுவரைக்கும் சீராக ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் தடுமாறி நின்றுவிட்டது. பெரியவரின் விலா எலும்புகள் ஏறி ஏறி இறங்கின. கை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. கண் மட்டும் பல்பைவிட்டு அசையவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவள்தான் ஓடிப்போய் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினாள்.

மறுநாளும் அதேதான். அதற்கு அடுத்த நாளும்.

தகவல் தெரிந்து, செத்தவனுடைய அக்காக்காரி வந்து சேர்ந்தாள். அப்பா மேல் உயிரையே வைத்திருப்பவள், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஒரு சாயங்காலம் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தாள். பல்பு சுருங்கியதும் மெஷின் கத்தியதும் அப்பா கண்ணை அகல விரித்துப் பல்பையே பார்த்ததும் ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டு, பேயறைந்த மாதிரி சுவரோடு நின்றாள்.

"இது எத்தன நாளா நடக்குது?"

"அவரு போனதுல இருந்து, அண்ணி. தினமும் வருவாரு."

"வருவான்னு நீயே சொல்லு! எதுக்கு வர்றான்னு யோசிச்சியா? தம்பி அப்பாவக் கூப்பிடுறான்டி. சின்ன வயசுலயும் இப்படித்தான், அப்பா பக்கத்துல இல்லாம தூங்க மாட்டான். இப்போ தனியா கெடக்க முடியாம கூட்டிட்டுப் போக வந்திருக்கான்."

"அப்படியெல்லாம் பேசாதீங்க அண்ணி."

"நான் பேசலன்னா நடக்காம போயிடுமா? அப்பா கண்ணப் பாத்தேல்ல? எப்படிப் பயந்து பாக்குறாரு! இந்த வீட்டுல இனி ஒரு நாள் அவர வச்சிருக்க மாட்டேன். வண்டி சொல்லி எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

"டாக்டர் அசைக்கவே கூடாதுன்னாரே! உங்க வீடு மூணாவது மாடி."

"மாடி ஏறி மூச்சு வாங்கினா வாங்கட்டும். இங்க இருந்தா மூச்சே இருக்காது."

பெரியவர் குழாயோடு படுத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பேசுகிற அளவுக்கு அவரிடம் காற்று இல்லை.

மறுநாள் காலையில் அவள் என் வீட்டுக்கு வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. நான் தையல் மெஷினை மிதிப்பதை நிறுத்தினேன்.

"அவரு அவங்க அப்பாவுக்குக் கெடுதல் பண்ணுவாரா அக்கா?"

"பண்ண மாட்டான்."

"தினமும் பண்றாரே."

ஒருதடவை வாங்கிக் கட்டிக்கொண்டது போதும் என்றிருந்தேன். அவளே கொஞ்ச நேரம் துணியின் ஓரத்தைத் திருகிக்கொண்டு நின்றுவிட்டு, "மீட்டர் அண்ணனக் கொஞ்சம் கூப்பிடறீங்களா?" என்றாள்.

மீட்டர் என்பது செத்தவனுடைய கூட்டாளி. தடித்த ஆள். சோதிக்கிற மீட்டரைத் தாயத்து மாதிரி எப்போதும் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிவதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவர் பெண்டாட்டிக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். கூட்டாளி செத்த பிறகு அவர் இந்தப் பக்கமே வரவில்லை. கூப்பிட்டதும் மழையோடு மழையாக வந்து, சந்தில் நின்று செருப்பைக் கழற்றுகிற சாக்கில் கொஞ்ச நேரம் அழுதார். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

பெரியவரைச் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு, கழுத்தில் தொங்கிய மீட்டரின் இரண்டு முனைகளையும் பிளக் பாயிண்டில் செருகினார்.

"எறநூத்தி இருபது. பகல்ல நல்லாத்தான் இருக்கு. சாயங்காலம் தெருவுல எல்லாரும் விளக்கப் போட்டா இதுவே கொஞ்சம் எறங்கிடும். தங்கச்சி, தொட்டிக்குத் தண்ணி ஏத்துற மோட்டார யாரு போடுறது?"

"யாரும் போட வேண்டாம் அண்ணே. அவரு ஆட்டோமேட்டிக் மாட்டி வச்சிட்டாரு. தண்ணி கொறைஞ்சா அதுவே ஓடும், நெறைஞ்சா அதுவே நின்னுடும்."

"சத்தம் கேக்குமா?"

"அது கெணத்துக்கு அடியில கெடக்கு. ஒண்ணும் கேக்காது. இந்த வீட்ல மோட்டார் இருக்குறதே மறந்து போச்சு."

மீட்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார். "கூடத்து பல்பப் போடும்மா" என்றார்.

வெளியே மழை மூட்டம், உள்ளே இருட்டு. பல்பு பளிச்சென்று எரிந்தது. குளியலறைச் சுவரில் ஆட்டோமேட்டிக் பெட்டி இருந்தது. அதில் கையால் போடுவதற்கும் ஒரு சுவிட்ச் உண்டு. மீட்டர் அதில் விரலை வைத்தார்.

"எல்லாரும் பல்பப் பாருங்க."

சுவிட்ச் விழுந்தது. பல்பு சுருங்கியது. இழை சிவந்து, மூச்சுத் திணறி, பாதி உயிரோடு திரும்பி வந்து மஞ்சளாக நின்றது. மின்விசிறி சோர்ந்தது. ஃபிரிட்ஜ் முனகியது. எல்லாம் அப்படியே, ஒன்றுவிடாமல்.

காலை வேளையில், ஒரு தடித்த மனிதர் விரலால் தட்டி, அவளுடைய புருஷனை வரவழைத்துவிட்டார். அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மீட்டர் சுவிட்சைத் தூக்கினார், பல்பு தெளிந்தது.

"இன்னொரு தடவ போடுங்க அண்ணே" என்றாள்.

போட்டார். வந்தான். நிறுத்தினார்.

"இன்னொரு தடவ."

மீட்டர் போட்டார். அவள் இந்தத் தடவை பல்பைப் பார்க்கவில்லை, அவர் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு தடவ" என்று மறுபடி கேட்டபோது மீட்டர் கையை எடுத்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கஞ்சிக் கிண்ணத்தோடு சமையல்கட்டு வாசலில் நின்ற அக்காக்காரி, "அப்போ தம்பி வரலியா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் நிம்மதி இருந்ததா ஏமாற்றம் இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

"அக்கா, உங்க துணி வரையிற சாக்பீஸ் கொடுங்க" என்று என்னிடம் வாங்கிக்கொண்டு, மீட்டர் முனகலோடு தரையில் உட்கார்ந்தார். சிமெண்டுத் தரையில் ஒரு நீளக் கோடு இழுத்தார்.

"கடை மீட்டர்ல இருந்து இங்க வரைக்கும் கம்பி தொண்ணூறு மீட்டர். அன்னிக்கு அளந்தப்ப நானும் கூட இருந்தேன். கரண்டு வந்தா போதாது, திரும்பியும் போகணும். அதனால நூத்தி எம்பது. மாப்ள போட்டது ரெண்டரை ஸ்கொயர் தடிமன் செம்பு. இவ்ளோ நீளத்துக்கு அதோட மின்தடை ஒண்ணு புள்ளி மூணு மூணு ஓம். மோட்டார், ஃபிரிட்ஜ், மெஷின், ஃபேன் எல்லாம் சேந்து பன்னெண்டு ஆம்பியர் இழுக்குது. பெருக்கினா பதினாறு. பதினாறு வோல்ட் வழியிலேயே தொலைஞ்சு போகுது. மோட்டார் கெளம்புற நொடியில நாப்பது ஆம்பியர் கேக்கும். அப்போ அம்பதுக்கு மேல போயிடும். மெஷினுக்கு எறநூறுக்குக் கீழ எறங்கினா ஆகாது. கத்திட்டு நின்னுடும்."

"தொலைஞ்சு எங்க போகுது?" என்று அவள் கேட்டாள்.

"எங்கயும் இல்லம்மா, கம்பியிலதான். சூடா மாறி மண்ணோட போயிடும்."

"போட்ட அன்னிக்கு அவரு கம்பியில கைய வச்சுப் பாத்தாரே அண்ணே. சூடே இல்லன்னாரு. நான் பக்கத்துல நின்னேன்."

"நானும்தான் நின்னேன். எங்க பொழப்புல எல்லாரும் அப்படித்தான் பாப்போம், உள்ளங்கைய வச்சு. சூடு ஏறலன்னா கம்பி லோடு தாங்குதுன்னு அர்த்தம். இதுவும் தாங்குச்சு, இன்னும் பத்து வருஷம் தாங்கும். ஆனா கம்பி தாங்குதான்னு பாக்குறது வேற, கடைசி முனையில என்ன மிச்சம் வருதுன்னு பாக்குறது வேற. தொண்ணூறு மீட்டருக்குப் பரவிக் கெடக்குற சூடு உள்ளங்கைக்குத் தெரியுமா? மெலிசான குழாய ரொம்ப தூரம் இழுத்தா முனையில தண்ணி சொட்டுமே, அது மாதிரிதான்."

"அப்போ அவரு தப்பு பண்ணிட்டாருங்கறீங்க."

மீட்டர் சாக்பீஸை விரலிடுக்கில் உருட்டினார். "ஊருக்கெல்லாம் கணக்குப் போட்டு பத்து ஸ்கொயர் இழுத்தவன், சொந்த வீட்டுக்கு வேலையில மிச்சமான கம்பிய இழுத்துட்டான். அன்னிக்கு ரெண்டு பல்பும் ஒரு ஃபேனும்தானே? அப்புறம் மோட்டார் வந்துச்சு, ஃபிரிட்ஜ் வந்துச்சு. மாத்திக்கலாம் மாத்திக்கலாம்னு இருந்துட்டான்."

என் ஜாக்கெட்டில் ஒரு கொக்கி போன இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன்.

அவள் தரையில் இருந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தக் கணக்குல அவரு வர்றதுக்கு இடமே இல்லியா அண்ணே?"

மீட்டர் கோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒருதடவை பார்த்தார்.

"நானும் தேடித்தான் பாத்தேன் தங்கச்சி."

"சாயங்காலம் மோட்டார் ஓடாம பாத்துக்கிட்டா?"

"உங்க கெணத்துல தண்ணி ஊறி ஊறித்தானே வருது? ஒரே மூச்சுல தொட்டி நெறையாது. மழ நின்னா இன்னும் மோசம். வோல்டேஜ ஏத்துற பெட்டி வாங்கி வச்சாலும் அதுவும் இதே கம்பியிலதான் இன்னும் கூட இழுக்கும். கம்பிய மாத்தணும். ஆறு ஸ்கொயர் போட்டா ஓடும், ஆனா மோட்டார் கெளம்பும்போது மறுபடி இருபது வோல்ட் எறங்கும். சாயங்காலம் மெஷின் கத்தினாலும் கத்தும். பத்து போட்டா நாலு வோல்ட்டுதான் போகும், கெளம்பும்போதுகூட பதிமூணு. பயமே கெடையாது." நிறுத்திவிட்டு, குரலை இறக்கிச் சொன்னார்: "ஆனா மாத்தினா இது நின்னுடும். யோசிச்சுச் சொல்லும்மா."

அவள் கட்டிலைப் பார்த்தாள். சிலிண்டருக்கு மாற்றியதிலிருந்தே பெரியவர் கண்ணை மூடிக் கிடந்தார். சிலிண்டர் சீறிக்கொண்டிருந்தது. அக்காக்காரி ஏதோ சொல்ல வந்தாள், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அப்பாவக் கொண்டுபோக வந்தாருன்னு பேச வேண்டாம் அண்ணி. கம்பிய மெலிசா போட்டுட்டுப் போயிட்டாருன்னு பேசிக்கோங்க. அது போதும். பத்தே போடுங்க அண்ணே."

அன்றைக்கே வேலையை ஆரம்பித்தோம். கடை ஷட்டரை அவள்தான் திறந்தாள். துரு பிடித்துப் பாதியில் சிக்கிக்கொண்டதை மீட்டரும் நானும் சேர்ந்து தூக்கினோம். உள்ளே எலிப் புழுக்கையும் வார்னிஷ் வாசனையும். ஆணியில் அவனுடைய சட்டை தொங்கியது. அவள் அதை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "பூஞ்சை" என்று மட்டும் சொல்லித் தோளில் போட்டுக்கொண்டாள்.

மண்ணைத் தோண்ட நேரம் கிடையாது. வாங்கி வந்த புதுக் கம்பியை என் சுவரோடு ஓட்டிவிடலாம் என்றார் மீட்டர். என் சுவரைத் துளைபோட்டுச் சல்லடை ஆக்கிவிட்டு என்னிடமே டீ கேட்ட மனிதர் அவர். மழையில் ஈரச் சுவரைத் துளைக்கிற வேலை என்று இரண்டு வீட்டு மெயினையும் இறக்கியதால் மெஷின் நின்றுவிட்டது. பெரியவர் சிலிண்டரில் இருந்தார். அக்காக்காரி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, சிலிண்டர் முள்ளையே பார்த்தபடி, "பாதி" என்று கத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து, "பாதிக்கும் கீழ" என்றாள். மழை நின்றபாடில்லை. கம்பி கைக்கு அடங்காமல் பாம்பைப்போல முறுக்கிக்கொண்டது. மீட்டர் ஏணியில், அவள் கம்பிச் சுருளைத் தோளில் சுமந்து கீழே, நான் கிளிப்புகளை மடியில் கட்டிக்கொண்டு பின்னால். எங்கள் புடவையெல்லாம் சேறு. அவள் கையில் தோல் உரிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சு!" என்று அக்காக்காரி அலறினாள். "சீக்கிரம் வாங்களேன், யாராச்சும் வாங்களேன்!"

மீட்டர் கடைசி முனையைத் திருகி இறுக்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அவர் கடைக்கு ஓடினார். அந்த உடம்போடு ஓடினார். நாங்கள் இருட்டில் நின்றோம். பெரியவரின் மூச்சு மட்டும் கேட்டது.

பல்பு எரிந்தது. அவள் மெஷினுக்குக் குழாயை மாற்றினாள். இரைச்சல் எழுந்து, சீராகி, ஓடிக்கொண்டே இருந்தது. பெரியவரின் நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி வந்தது. அக்காக்காரி தரையில் உட்கார்ந்து, அப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள்.

சேறு கழுவ எல்லாரும் தண்ணீரை வாரி இறைத்தோம். மீட்டர் குளியலறை வாசலில் நின்று ஆட்டோமேட்டிக் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பச்சை விளக்கு எரிந்தது. மோட்டார் ஓடுகிறது என்று அர்த்தம். எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அவள் கூடத்தின் நடுவில் ஈரப் புடவையோடு நின்று பல்பைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தேன். பல்பு அசையவில்லை. மின்விசிறி ஒரே வேகத்தில் சுற்றியது. கொல்லைப்பக்கம் ஆழத்தில் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது, வீட்டில் ஒன்றுமே நடக்கவில்லை. அவ்வளவு வெளிச்சமாக அந்தக் கூடத்தை நான் பார்த்ததில்லை. சுவரில் இருந்த அழுக்கெல்லாம் தெரிந்தது.

மீட்டர் செருப்பைத் தேடிக்கொண்டு போனார். நானும் கிளம்பினேன். அப்போதுதான் பெரியவர் பேசினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் ஒரு முழு வாக்கியம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இன்னிக்கு அவன் வரலியேம்மா."

அக்காக்காரி தேம்பலை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். பயந்து பார்த்தார் என்றுதானே நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "இனிமே வரமாட்டாரு மாமா."

பெரியவர் பல்பைப் பார்த்தபடியே கிடந்தார். "அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு வச்சிருந்தேன். வர்றப்பல்லாம் எனக்கு மூச்சு வரல. சொல்ல முடியாமலே போச்சு."

மூக்கிலிருந்து நழுவியிருந்த குழாயை அவள் சரிசெய்தாள். தோல் உரிந்த கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்கிட்ட சொல்லுங்க மாமா" என்றாள். "இப்போ மூச்சு இருக்கு. மெதுவா சொல்லுங்க."